மலைமேல் பவுசு, கடலோரப் பவுசு

2023 ஜூலை 2, ஞாயிறு

ஆபீசில் வெள்ளிக்கிழமை ஆரம்பித்த சண்டை இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. மொரீஷியஸில் எந்த ஊர்க்காரர்களுக்குப் பவுசு அதிகம்? யாரோ விளையாட்டாகத்தான் கேட்டார்கள், ஒருவரும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. ரோஸ்ஹில்காரர் கத்ர் போர்னைக் கைகாட்டினார். கத்ர் போர்ன் பெண் கியூர்பீப்பைக் கைகாட்டினாள். கியூர்பீப்காரர் யாரையும் காட்டாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்ததையே எல்லோரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

நீளவாக்கில் போனால் 65 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிற தீவு இது. அதற்குள் இத்தனை பவுசு. எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். நான் திருநெல்வேலிக்காரி. பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது என்பதே போதும், ஆளுக்கொரு பெருமை பேச. அதனால் இந்த மாதம் முழுக்க இதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு விவரம். இங்கே முறைப்படி நகரம் என்றால் ஐந்துதான்: போர்ட் லூயிஸ், போ பஸ்ஸான்-ரோஸ்ஹில், கத்ர் போர்ன், வாக்வா-ஃபீனிக்ஸ், கியூர்பீப். இதில் போர்ட் லூயிஸ் 1966ல் மாநகரம் ஆனது. மற்றதெல்லாம் கிராமக் கணக்கு. உல்லாசப் படகும் விலையுயர்ந்த கடைகளுமாக இருக்கிற கிராண்ட் பேகூடச் சட்டப்படி கிராமம்! வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். "படகு வைத்திருந்தால் என்ன, கிராமத்தான் கிராமத்தான்தான்" என்றார். அவர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். தெருவில் எல்லோருக்கும் டீச்சர், எனக்கும் டீச்சர்.

ஜூலை 6, வியாழன்

கத்ர் போர்ன் சந்தை. வியாழனும் ஞாயிறும் துணிமணி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் இருக்கிற எபெனிலிருந்து ஓடிவந்து, ஒரு சட்டையைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். கத்ர் போர்ன்காரர்களின் பெருமை எளிமையானது. பூக்களின் நகரம் என்று பட்டப்பெயர் இருந்தாலும் பூவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "கியூர்பீப்காரியும் துணி வாங்க இங்கேதான் வரணும்." அவ்வளவுதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உண்மைதானே.

ஜூலை 9, ஞாயிறு

டீச்சரோடு மெட்ரோவில் கியூர்பீப் போனேன். நம்ம ஊர் லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய பாதை, கியூர்பீப் வரை எட்டியது போன வருஷம்தான். ஏறும்போது நல்ல வெயில். ஃபீனிக்ஸ் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடி மங்கிவிட்டது. பெட்டியில் பலர் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

டீச்சரின் அண்ணன் வீடு. ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் வேலி, நூல் பிடித்தமாதிரி கத்தரித்திருக்கிறார்கள். உள்ளே மரவீடு, கூரை விளிம்பில் தகரத்தில் வெட்டிய பூவேலை. 1960ல் கரோல் புயல் அடித்தபோது தீவில் மரவீடுகள் சரிந்து விழுந்தன, அப்புறம்தான் எல்லோரும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். "இது நின்றது" என்று தூணைத் தட்டிக் காட்டினார் ஐயா. பிறகு படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். துணிகளுக்குக் கீழே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் எரியுமாம், இல்லாவிட்டால் கோட்டில் பூஞ்சை பிடித்துவிடும். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை எடுத்தார். தோல் மடிப்பில் பச்சையாகப் பூத்திருந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "போன வாரம்தான் பாலிஷ் போட்டேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. இந்த ஊரில் இரண்டே பருவம், மழைக்காலம் ஒன்று, மழை பெய்கிற காலம் இன்னொன்று என்று தீவு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அதையும் அவரே சொன்னார், பட்டமளிப்பு விழாவில் படித்த பட்டத்தைச் சொல்வதுபோல.

சாப்பாட்டில் சௌசௌ. நாம் கூட்டு வைப்போமே, அதே காய்தான். இங்கே பாலும் சீஸும் போட்டு அடுப்பில் வாட்டுகிறார்கள். பரிமாறும்போது பேரப்பிள்ளைகளிடம் பிரெஞ்சு, எங்களிடம் தமிழ், சமையலறையில் ஊர்ப்பேச்சான கிரியோல். எந்த ஊரில் பவுசு அதிகம் என்று பார்க்க இது ஒரு நல்ல அளவுகோல். பக்கத்து ஃப்ளோரியாலில் தூதரகங்களும் பெரிய பங்களாக்களும் இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் நான் கிரியோலில் விலை கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வருகிறது. மரியாதையான பதில்தான். ஆனாலும் பிரெஞ்சுதான்.

சரி, இந்தப் பவுசு எங்கிருந்து வந்தது? ஐயா சொன்ன கதையை வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொண்டேன். முன்பு பணக்காரர்கள் எல்லோரும் போர்ட் லூயிஸில்தான் இருந்தார்கள், கியூர்பீப் வழியில் நின்று இளைப்பாறும் இடம். 1866ல் மலேரியா வந்தது. 1867ல் மட்டும் தீவில் முப்பதாயிரம் பேருக்கு மேல் காய்ச்சலில் செத்தார்கள். அப்போது கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். 550 மீட்டர் உயரத்தில் இருக்கிற கியூர்பீப்பில் காற்று குளிர்ச்சி. அதற்குச் சற்று முன்னால்தான், 1865ல், அந்த வழியாக ரயில் வந்திருந்தது. காலையில் ரயிலேறித் துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் ரயிலேறி மேட்டில் தூக்கம். டிக்கெட்டுக்கும் மனைக்கும் காசு இருந்தவர்கள் மேலே போனார்கள், இல்லாதவர்கள் கீழேயே கிடந்து செத்தார்கள். கொசுதான் காரணம் என்று 1897ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், பத்து வருஷம் கழித்து இங்கேயே வந்து ஆராய்ந்துவிட்டுப் போனார். அந்தக் கொசுவுக்கு மேட்டுக் குளிர் ஒத்துவரவில்லை.

கியூர்பீப்காரர்களின் நிமிர்ந்த தலைக்கு அடியில் ஒரு மரண பயம் இருக்கிறது என்று தெரிந்தபிறகு எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. கீழே விடப்பட்டவர்களை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது, அது வேறு.

ஜூலை 11, செவ்வாய்

சின்னதாக ஒன்று. 1896ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார். முதலில் மொரீஷியஸைப் படைத்துவிட்டு அதைப் பார்த்துத்தான் சொர்க்கத்தைப் படைத்தார்கள் என்று சுற்றுலா விளம்பரங்களில் ஓயாமல் போடுகிறார்களே, அது அவர் எழுதியதுதான். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் பேச்சில் அப்படித் தெரிகிறது என்றுதான் எழுதியிருக்கிறார், தன் கருத்தாக இல்லை. அடுத்த வரியிலேயே இன்னொருவர் அதை மறுக்கிறார்: போர்ட் லூயிஸில் கட்டாயம் இருந்தாலொழிய யாரும் குடியிருக்க மாட்டார்கள், கியூர்பீப்போ உலகத்திலேயே மழை அதிகம் பெய்கிற ஊர் என்று. இந்த வரி எந்த விளம்பரத்திலும் இல்லை. எங்கள் ஆபீஸ் சண்டை அப்போதே நடந்திருக்கிறது!

ஜூலை 16, ஞாயிறு

இன்று டீச்சரின் சொந்தப் பவுசு வெளியே வந்தது. சேன்ட் க்ருவாவில் இருக்கிற சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போயிருந்தோம். இங்கே எல்லோரும் கைலாசன் கோவில் என்பார்கள். பிரகாரத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார், அவர் அம்மா வழியில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் இல்லையாம். அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, லாபூர்தொன்னே இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்த 1730களில், புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனாரும் தச்சருமாக வந்து போர்ட் லூயிஸைக் கட்டியவர்கள். "நாங்கள் கட்டின ஊரை விட்டுவிட்டு மேலே ஏறிப் போனார்கள், ஏறட்டும்." அண்ணனையும் சேர்த்துத்தான் சொன்னார்.

கூட வந்த ஒரு பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் தாத்தா தோட்டத்துக்கு வந்தவர். "நீங்கள் கல்லை வைத்தீர்கள், நாங்கள் கரும்பை வைத்தோம். எதை விற்று இந்தத் தீவு சாப்பிட்டது?" என்று கேட்டார். டீச்சர் பதில் சொல்லாமல் விபூதியை நீட்டினார். என் ஓட்டு பெரியம்மாவுக்குத்தான். 1834ல் ஆரம்பித்து கப்பல் கப்பலாக வந்தவர்களின் பெருமையை யாரும் ஒரு படி கீழே வைக்கக் கூடாது.

ஜூலை 22, சனி

தமாரின், கடலோர ஊர். மேலே கியூர்பீப்பில் ஸ்வெட்டர், இங்கே வெயில் கொளுத்துகிறது. கியூர்பீப் குடும்பங்கள் விடுமுறைக்குக் கடலோர வீடுகளுக்கு இறங்கி வருவது பழைய வழக்கம். டிடிடி கொசுமருந்து அடித்து மலேரியாவை விரட்டி, 1973ல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தபிறகு, மேட்டில்தான் இருக்க வேண்டும் என்ற காரணமே போய்விட்டது. 2002லிருந்து வெளிநாட்டுக்காரர்களும் இதற்கென்று அனுமதித்த திட்டங்களில் வீடு வாங்கலாம். 2023 நிலவரப்படி 3,75,000 அமெரிக்க டாலருக்கு வாங்கினால் குடியிருக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது. பவுசு மலையிறங்கிக் கடலுக்கு வந்துவிட்டது.

மணலில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வேலிக்குப் பக்கத்தில் காவலாளி எழுந்து வந்து எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த நாட்டில் அலை ஏறும் கோடு வரை கடற்கரை எல்லோருக்கும் பொது. டீச்சர் அதைக் கிரியோலில், ஆரம்பப் பள்ளிக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காவலாளி நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்படிக் கேட்கச் சொல்லி அவரை அங்கே உட்காரவைத்தவர்கள்மேல் இருக்கிறது. கியூர்பீப் ஐயா மூங்கில் வேலிக்குப் பின்னால் இருக்கிறார்தான், ஆனால் அலமாரியைத் திறந்து ஷூவைக் காட்டுகிறார், சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்கிறார். தமாரினில் ஒரு பகல் முழுக்கச் சுற்றியும் தன் ஊரைப் பற்றிப் பெருமை பேச ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவர்தான் பேசினார். அவர் பிறந்தது இங்கே, குடியிருப்பது இங்கே இல்லை. மனை விலை தாங்கவில்லையாம்.

ஜூலை 28, வெள்ளி

ஆபீசில் என் வரிசையைக் கேட்டார்கள், சொன்னேன். முதலிடம் கியூர்பீப், அந்த மழையில் அந்தப் பல்பை அணையாமல் வைத்திருப்பதற்காகவே. இரண்டாவது போர்ட் லூயிஸின் பழைய தமிழ்க் குடும்பங்கள். மூன்றாவது கத்ர் போர்ன். ரோஸ்ஹில்காரர் கொதித்துவிட்டார்: 1933ல் திறந்த ப்ளாசா தியேட்டர் எங்கே, க்வீன் எலிசபெத் காலேஜ் எங்கே, தேவா கடை தால் பூரி எங்கே? தால் பூரிக்காக ரோஸ்ஹில்லை மூன்றுக்கு ஏற்றி கத்ர் போர்னை நாலுக்கு இறக்கினேன். கடலோர வில்லாக்களைச் சேர்க்கவே இல்லை, காவலாளி வைத்துக் காக்கிற பவுசு ஊர்ப்பெருமையில் சேராது. இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

அதுவரை பேசாமல் இருந்த மஹேபூர் பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். 1810ல் பிரெஞ்சுக்காரர்கள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தோற்கடித்தது எங்கள் விரிகுடாவில், பாரிஸ் வெற்றி வளைவில் அந்தப் பெயர் செதுக்கியிருக்கிறது, 1870லிருந்து மரவள்ளி பிஸ்கட் எங்கள் ஊரில் சுடுகிறார்கள், எங்களை யாரும் பேச்சில்கூடச் சேர்க்கவில்லையே அக்கா என்றான். ஆபீசே அமைதியாகிவிட்டது. அவன் சொன்னது அத்தனையும் சரி. மஹேபூர் சந்தை திங்கட்கிழமை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டீச்சரும் வருகிறார்.