பிளகின் டெஸ்டுக்காக ஒரே கட்டளையில் எழும் தளம்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில் வெப்சைட் உருவாக்கும் வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி தரும் ஒரு பிளகினைப் பராமரிக்கிறோம். பயனர் செய்வதுபோலவே பிரவுசரில் செய்து பார்க்கும் அக்செப்டன்ஸ் டெஸ்ட் எழுதுவதைவிட, அதை ஓட்ட ஒரு தளத்தைத் தயார் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு லேப்டாப்பிலும் வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழியின் வேறு வெர்ஷன், பழைய டெஸ்ட் விட்டுப்போன குப்பை. ஒருவரிடம் பாஸ் ஆவது இன்னொருவரிடம் ஃபெயில் ஆகும். அதனால் வேர்ட்பிரஸ், அதன் டேட்டாபேஸான மரியாடிபி, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் (குரோமோடு), வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் டபிள்யூபி சிஎல்ஐ எல்லாவற்றையும் டாக்கர் கம்போஸில் எழுதினோம். ஒவ்வொன்றும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும்; எல்லாம் ஒரே கட்டளையில் எழும்.

முதல் சிக்கல் டேட்டாபேஸ். கன்டெய்னர் ஓட ஆரம்பித்தாலும் உள்ளே மரியாடிபி தயாராகியிருக்காது. முதல் முறை அது தற்காலிகமாக ஒரு சர்வரை ஓட்டி, ஆரம்ப வேலைகளை முடித்து, அதை நிறுத்திய பிறகுதான் நிஜ சர்வரைத் தொடங்கும். "முப்பது செகண்ட் ஸ்லீப் போட்டுடலாம் அண்ணா" என்றார் டீமில் இருக்கும் தம்பி. அது வேகமான கணினியில் வீண், டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் மெதுவான சிஐ சர்வரில் போதாது. மரியாடிபி இமேஜோடு (கன்டெய்னர் உருவாகும் அச்சு) வரும், சர்வர் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் ஸ்கிரிப்டை வைத்து, அது சரி என்று சொன்ன பிறகே வேர்ட்பிரஸை நிறுவும்படி மாற்றினோம்.

அதிகம் அலைக்கழித்தது தளத்தின் முகவரி. வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸிலேயே வைத்திருக்கும். லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி என்று பொருள்) 8080 என்று நிறுவினால் நம் பிரவுசரில் அருமையாகத் திறக்கும். ஆனால் டெஸ்டை ஓட்டும் குரோம் இருப்பது செலினியம் கன்டெய்னருக்குள். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். கம்போஸில் வேர்ட்பிரஸ் கன்டெய்னருக்கு வைத்த சர்வீஸ் பெயரில் அழைத்தாலும் வேர்ட்பிரஸ் மறுபடி லோக்கல்ஹோஸ்டுக்கே திருப்பிவிடும். அந்த சர்வீஸ் பெயரையே தள முகவரியாகக் கொடுத்து நிறுவியதும் தீர்ந்தது. டெஸ்ட் ஓடுவதைக் கண்ணால் பார்க்க செலினியத்தின் 7900 போர்ட் இருக்கிறது. ஃபெயில் ஆகும்போது இது பெரிய உதவி.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். வேர்ட்பிரஸ் இமேஜில் வெப் யூசரின் எண் 33, அல்பைன் என்ற சிறிய லினக்ஸ் அடிப்படையிலான சிஎல்ஐ இமேஜில் 82. சிஎல்ஐயையும் 33 ஆக ஓட்டாவிட்டால் அப்லோட் ஃபோல்டரில் எழுத முடியாது. டாக்கர் தரும் 64 எம்பி ஷேர்டு மெமரி குரோமுக்குப் பத்தாது. 2 ஜிபி ஆக்கியதும் டேப் க்ராஷ் ஆவது நின்றது.

பிளகினை ஆக்டிவேட் செய்தவுடன் டேட்டாபேஸை ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் அதையே இம்போர்ட் செய்கிறோம். எந்த வரிசையில் ஓட்டினாலும் முடிவு மாறுவதில்லை. மெயில் அனுப்பும் டெஸ்டுகள் மட்டும் பாக்கி. அதற்கு, மெயிலை வெளியே விடாமல் பிடித்துக் காட்டும் மெயில்பிட் கன்டெய்னரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.