இரண்டு வீணை, இரண்டு கடவுச்சீட்டு

மகள் வீணை பழகத் தொடங்கி நாலு வருடம். அந்த நாலு வருடமும் இரவல் வீணைதான். 2025 ஆடியில் சொந்தமாக ஒன்று எடுப்பதென்று முடிவானது. கேள்விப்பட்ட அவளுடைய ரீச்சர், "போறதோட போறதா எனக்கும் ஒண்டு கொண்டு வாங்கோ" என்றார். தஞ்சாவூரில் செய்பவரோடு வட்ஸ்அப்பில் பேசி விலை முடித்து, முற்பணமும் அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகுதான் யோசித்தேன், இதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் சுன்னாகத்துக்கு எப்படிக் கொண்டு வருவதென்று.

வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமேயில்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீற்றர். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் நாலு மணித்தியாலம். ஆனால் அதே வீணையைச் சரக்காக அனுப்பினால் தூத்துக்குடிக்குப் போய், கொழும்பில் இறங்கி, சுங்கத்தில் காத்திருந்து, அங்கிருந்து லொறியில் 400 கிலோமீற்றர் வடக்கே ஏறி வரவேண்டும். நான் விசாரித்த முகவர் மூன்று கிழமை என்றார். அவர் சொன்ன கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தபோது இன்னொரு வீணையே வாங்கலாம் போலிருந்தது. செய்பவருக்கோ வேறு பயம். வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகள்) மெழுகில் பதித்தவை. கொள்கலன் வெக்கையில் மெழுகு இளகினால் சுதி போய்விடும். "கையோட எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்றார்.

சரி, கையோடுதான். ஆனால் ஒரு ஆள் இரண்டு வீணையோடு சுங்கத்தில் நின்றால் வியாபாரம் என்றுதானே நினைப்பார்கள்? ஆளுக்கு ஒன்று என்றால் பேச்சில்லை. அப்படித்தான் என் மாமனார் பயணத்தில் சேர்ந்தார். வயது 82. நான் கேட்கவில்லை, அவரே கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

விசாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருப்பதால் கொழும்புக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கப்பலும் குறை சொல்ல முடியாத கப்பல். பிற்பகல் காங்கேசன்துறையில் ஏறினோம், கடல் அமைதி. 2023 ஒக்ரோபரில் இந்தச் சேவை தொடங்கி ஒரு கிழமைக்குள்ளேயே நின்றது, பிறகு 2024 ஓகஸ்டில் திரும்ப வந்தது. இப்போதும் வாடைக்காற்று தொடங்கினால் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் போக நினைப்பவர்கள் இதை நம்பி விடுமுறை எடுக்கவேண்டாம்.

நாகையில் குடிவரவும் சுங்கமும் முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிட்டது. எங்களுக்குத் தோதான ரயில் இல்லை. கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது என்று ரயிலுக்குத் தெரியாது; ரயில் எத்தனை மணிக்குப் போகிறது என்று கப்பலுக்குத் தெரியாது. திருவாரூர் வழியாக பஸ்ஸில் போனோம். அந்த பஸ்ஸில்தான் மாமா கதையைத் தொடங்கினார்.

மாமா 1963இல் சென்னைக்குப் படிக்கப் போனவர். "அப்ப யாழ்ப்பாணம் ஸ்ரேசனிலை ஒரே ரிக்கெற். மதவாச்சியிலை கோச்சி (ரயில்) மாறினால் தலைமன்னார். இறங்குதுறையிலை கப்பல். அந்தப் பக்கம் தனுஷ்கோடியிலை சென்னை போற போட் மெயில் ரயில் நிக்கும். எழும்பூர் வரைக்கும் அந்த ஒரு அட்டைதான்." அடுத்த வருடம் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோனது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி எண்பதுகளில் போரோடு அதுவும் நின்றது.

இதில் எனக்குப் புதிதாக இருந்த விசயம் ஒன்று. மாமா போன காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் மீற்றர் பாதை, எங்கள் பக்கம் அகலப்பாதை. அங்கத்தைய பெட்டி இங்கத்தைய தண்டவாளத்தில் ஏறவே ஏறாது. ஆனாலும் ரிக்கெற் ஒன்றுதான். 2007இல் பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் வரை அகலப்பாதை ஆனது. 2015இல் எங்கள் பக்கம் தலைமன்னாருக்கும் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்ப வந்தது. இன்றைக்கு இரண்டு கரையிலும் அதே 1,676 மில்லிமீற்றர் அகலம். ரிக்கெற்றுகள் மட்டும் நாலாகிவிட்டன. இரண்டு கரைக்கும் நடுவே பாலம் போடுவதைப் பற்றி இரண்டு நாட்டுத் தலைவர்களும் பேசியிருக்கிறார்கள், போடட்டும். அதுவரைக்கும் அந்த ஒற்றை அட்டையைத் திரும்ப அச்சடிக்கக் கடலில் தூண் இறக்கவேண்டியதில்லையே.

தஞ்சாவூரில் வீணை கையில் வர இரண்டு நாள் இருந்தது. ராமேஸ்வரம் போய், ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்கவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் என்று படித்திருந்தார். இருக்கையை உறுதிசெய்யாமல் இந்த வயதானவரைக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை. ராமேஸ்வரம் போகும் போட் மெயிலில், முதல்நாள் எடுக்கும் தத்கால் சீட்டுக்கு முயன்றேன். அந்த ஜூலை முதலாம் திகதி முதல் இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் கட்டாயம். ஆதாருக்கு நான் எங்கே போவது? மாமா மனந்தளரவில்லை. "கப்பல் இல்லாத போட் மெயிலிலை ஏறி என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் பெரிய கோவிலுக்குப் போய்விட்டார்.

திரும்பும் பயணம்தான் சோதனை. காலையில் கப்பல் என்பதால் முதல்நாளே நாகைக்குப் போகவேண்டும். முன்பதிவில்லாத சாதாரண ரயில், ரிக்கெற் வாங்கத் தேநீர்க் காசு போதும். இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ இலவசம்; எங்கள் பெட்டிகள் அதில் பாதியும் வராது. ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. பெட்டி 100 சென்ரிமீற்றர் நீளத்தைத் தாண்டினால் பயணிகளோடு வைக்கக்கூடாது, சரக்கு வானில் போடவேண்டும். வீணைப் பெட்டி நாலடிக்கு மேல். பரிசோதகர் வந்தார், பார்த்தார், "இது பார்சல் வேன்ல போகணுமே" என்றார். "போடலாம், எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அந்த ரயிலில் பார்சல் வானே இல்லையாம். அவரே சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நல்ல மனிதர். வேறொருவர் என்றால் என்ன ஆகியிருக்குமோ.

கப்பலில் எடை போட்டு, மேலதிகத்துக்குக் காசு கட்டி, வெயில் படாமல் உள்ளே இருக்கைகளுக்கு இடையில் வைக்க அனுமதி வாங்கினோம். காங்கேசன்துறைச் சுங்கத்தில் பயந்தபடியேதான் நடந்தது. "இரண்டோ? விக்கவோ?" நான் என் பெயரில் இருந்த பற்றுச்சீட்டைக் காட்டினேன். மாமா தன் பெயரில் இருந்ததைக் காட்டினார். அதிகாரி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா வீணை வாசிப்பீங்களோ?"

"எனக்கில்லைத் தம்பி, இவரின்ர பிள்ளையைப் பழக்கிற ரீச்சருக்கு."

உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு வியர்த்தது. அதிகாரி பெட்டியைத் திறந்து, வீணையின் யாளி முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடச் சொன்னார். பற்றுச்சீட்டு சரியாக இருந்ததுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கொண்டு வருபவர்கள் பொருளுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வெளியே வந்தால் கோச்சி நிலையம் பக்கத்தில்தான். சுன்னாகத்தில் நிற்கும் கோச்சிதான். ஆனால் அடுத்ததற்கு இன்னும் நேரம் கிடந்தது, மாமாவுக்கோ கால் வீங்கிவிட்டது. ஒரு காலத்தில் இதே நிலையத்திலிருந்து தொழிற்சாலைச் சீமெந்து மூட்டை மூட்டையாகத் தெற்கே போனது. இன்றைக்கு இரண்டு வீணையை ஏற்ற வழியில்லாமல் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீற்றருக்குக் கொடுத்த காசில் தஞ்சாவூருக்கும் நாகைக்கும் எத்தனையோ முறை போய்வரலாம்.

ரீச்சர் பெட்டியைத் திறந்து பார்த்ததில் ஒரேயொரு மெட்டுத்தான் சற்று இறங்கியிருந்தது. தஞ்சாவூர்க்காரர் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல அவரே மெழுகைச் சூடாக்கிச் சரி செய்தார். மகள் அன்றிரவு பத்து மணி வரை வீணையை விடவில்லை.

அடுத்த கிழமை, வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் தாய் வந்து, எங்களுக்கும் ஒன்று கொண்டு வரலாமா என்று கேட்டார். நான் இழுத்தேன். திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "என்ர பாஸ்போர்ட் இன்னும் ஆறு வருசத்துக்கு இருக்கு, பிள்ளை."