கிட்ஹப்பை அனலிடிக்ஸோடு இணைத்தபோது

புல் ரிக்வெஸ்ட் (மாற்றிய கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) திறந்ததிலிருந்து மெர்ஜ் ஆகும்வரை, அதாவது பொதுக் கோடில் சேரும்வரை, எவ்வளவு நேரம் போகிறது, ரிவ்யூ எங்கே தேங்குகிறது: எங்கள் மேலாளருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அதற்காக அனலிடிக்ஸ் கருவி ஒன்றை எங்கள் டீம் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக் கணக்கோடு இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்றார்கள்.

பொத்தானுக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தால்தான் விஷயம் புரியும். முதலில் பார்த்த கருவி ஓஆத் முறையில் (பாஸ்வேர்டைக் கொடுக்காமலே இன்னொரு கருவிக்கு அனுமதி தரும் வழி) 'ரெப்போ' ஸ்கோப்பை, அதாவது கோடு இருக்கும் ரெப்போக்கள் மீதான அனுமதியைக் கேட்டது. பிரைவேட் ரெப்போவைப் படிக்க மட்டும் என்று ஓஆத்தில் ஒரு ஸ்கோப் கிடையாது. படிக்க விட்டால் எழுதவும் விட்டதாகத்தான் கணக்கு. மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுக்கிற மாதிரி.

வீண் பயம் என்று ஒதுக்க முடியவில்லை. 2020 ஜூலையில் வேடெவ் என்ற, இதே மாதிரி அனலிடிக்ஸ் தரும் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் கிட்ஹப் டோக்கன்களையும், அதைப் போன்ற தளமான கிட்லேபின் டோக்கன்களையும் (இப்படிக் கொடுத்த அனுமதிக்கான டிஜிட்டல் சாவிகள்) அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற டெவலப்பர் சேவைகளுக்கு வழங்கப்பட்டிருந்த டோக்கன்களைத் திருடி, டஜன்கணக்கான நிறுவனங்களின் ரெப்போக்களை இறக்கினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வைத்திருக்கும் என்பிஎம்மும் அதில் மாட்டியது. டோக்கன் கையில் இருப்பவரிடம் கிட்ஹப் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

ஆகவே ஓஆத்துக்குப் பதில் 'கிட்ஹப் ஆப்' என்ற முறையில் இணைகிற வேறொரு கருவிக்குப் போனோம். எந்தெந்த ரெப்போ என்று நாமே பொறுக்கிக் கொடுக்கலாம். இந்த ஆப் கேட்டது மெட்டாடேட்டாவையும் (ரெப்போவின் பெயர் போன்ற விவரங்கள்) புல் ரிக்வெஸ்டையும் படிக்கும் அனுமதி மட்டும். டோக்கனும் 1 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். புது டோக்கன் எடுக்க உதவும் ஆப்பின் பிரைவேட் கீயே (ரகசியச் சாவி) திருடுபோனால் இந்த 1 மணி நேரக் கெடு காப்பாற்றாதுதான். ஆனாலும் அனுமதி படிக்க மட்டும் என்பதால் நம் கோடில் யாரும் கைவைக்க முடியாது. செக்யூரிட்டி டீமின் ஒப்புதலுக்குக் காத்திருந்ததுதான் இழுத்தது, அதை விடுங்கள்.

டாஷ்போர்டு வந்த பிறகு வேறு தலைவலி. கோடில் பதிந்த மாற்றத்தை, அதாவது கமிட்டை, எழுதியவர் யார் என்பதற்கு கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வைத்திருப்பது அதிலுள்ள பெயரும் மின்னஞ்சலும்தான். ஆபீஸ் மெயில், சொந்த மெயில், கிட்ஹப்பின் நோரிப்ளை முகவரி என்று மாற்றி மாற்றிப் போட்ட ஒருவர் மூன்று பேராகத் தெரிந்தார். கருவி தானாகவே எழுதும் பேக்கேஜ்-லாக் ஃபைலைப் புதுப்பித்தவர் ஆயிரக்கணக்கான வரிகளோடு முதலிடத்தில் நின்றார். இவையாவது சிரித்துவிட்டுச் சரிசெய்யக்கூடியவை. வேலை பாதியில் இருக்கும்போதே புல் ரிக்வெஸ்டை டிராஃப்ட்டாகத் திறந்து மற்றவர்களிடம் கருத்துக் கேட்பவர்கள் மந்தமானவர்களாகத் தெரிந்ததுதான் எனக்கு உறுத்தியது. திறந்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறதே! இதைப் பார்த்தால் நாளைக்கு யார் டிராஃப்ட் போடுவார்கள்? எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

டிராஃப்ட் நேரத்தைக் கணக்கிலிருந்து எடுக்கும் வசதி செட்டிங்ஸில் இருந்தது, மாற்றினேன். ஆள்வாரிப் பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் மேலாளரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ரைசல் சமயத்திலும் திறக்கமாட்டேன் என்று அவரே டீம் சேனலில் எழுதிப் போட்டார்.