நீலகிரிக்கு ஒரு வயர்லெஸ் வண்டி

மண்சரிவு விழுந்த இடத்துக்கே வயர்லெஸ் தொடர்பு வண்டியை ஓட்டிப் போய் நிறுத்த வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நீலகிரியில் அது பெரும்பாலும் தப்பான யோசனை. பர்லியாருக்கும் காட்டேரிக்கும் நடுவே ரோட்டோரம் நிறுத்தினால் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் எதிர்மலை. 50 வாட் செட் இருந்தாலும் குன்னூருக்குக் கேட்பது சந்தேகம். இந்தச் செட்டுகள் பேசும் வி.ஹெச்.எஃப் அலை பார்வைக்கோடு போகும் இடத்துக்குத்தான் நன்றாகப் போகும், மலையைத் துளைக்காது. ஆகவே வண்டி மேட்டில் நிற்கட்டும். ஆட்கள் 5 வாட் வாக்கி-டாக்கியோடு பள்ளத்தில் இறங்கட்டும். வண்டியில் எதை எங்கே பொருத்துவது என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும்.

மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதால் வண்டி சின்னதாக இருக்க வேண்டும். டாடா 407 அளவுக்கு மேல் போகாதீர்கள். நீளமான லாரியின் மேல் கட்டிய கூண்டு கோயம்புத்தூர் பட்டறையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினால் போய்ச் சேருவதற்குள் பொழுது விடிந்துவிடும். பேட்டரி, ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் தரையோடு, இரண்டு அச்சுக்கும் நடுவில். கூரைமேல் ஆண்டெனாவைத் தவிர எதுவும் வேண்டாம். கூரையில் 100 கிலோ ஏற்றிய வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று டிரைவரைக் கேளுங்கள். ஆண்டெனாவோடு சேர்த்து மொத்த உயரம் எவ்வளவு என்று அளந்து டிரைவர் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள், எஸ்டேட் ரோட்டில் கிளைகள் தாழ்ந்திருக்கும். பாடியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பட்டறையில் விடுவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி கரண்ட். வண்டி சொதப்புவது பாதிக்கு மேல் இங்கேதான்.

50 வாட் மொபைல் செட் பேசும்போது சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். முன்னால் எஞ்சின் பேட்டரியிலிருந்து பின்னால் ஆபரேட்டர் மேஜைக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவர 12 மீட்டர் ஒயர். எலக்ட்ரீஷியன் கையில் எப்போதும் இருக்கும் 2.5 சதுர மி.மீ ஒயரைப் போட்டால் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 சதுர மி.மீ போட்டால் கால் வோல்ட். அந்த 1 வோல்ட் என்ன செய்யும்? கேட்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பேசுவதற்கு அமுக்கும் பி.டி.டி பட்டனை அமுக்கியதும் டிஸ்பிளே மங்கும், செட் அணைந்து மறுபடி எரியும், எதிர்முனையில் உங்கள் குரல் பாதியில் அறுந்து கேட்கும். உடனே செட்டைக் குறை சொல்லிக் கழற்றி சர்வீசுக்கு அனுப்புவார்கள். அங்கே பெஞ்ச் சப்ளையில் அது அருமையாக வேலை செய்யும், "பழுது இல்லை" என்று திரும்பி வரும். பி.டி.டி அமுக்கிய நிலையில் செட்டின் பின்புற முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: அதே நேரம் பேட்டரி முனையில் காட்டுவதைவிட 1 வோல்ட் அளவுக்குக் குறைந்தால் குற்றம் ஒயரில்.

செட்டுகளை எஞ்சின் பேட்டரியில் மாட்டவே வேண்டாம். தனியாக 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி. கணக்கு இப்படி: இரண்டு வி.ஹெச்.எஃப் செட், பத்தில் ஒரு பங்கு நேரம் பேசுவதாக வைத்தால் சராசரி 3.5 ஆம்பியர்; மலை தாண்டிப் பேச ஒரு ஹெச்.எஃப் செட் 3.5, இரண்டு லேப்டாப் 7, ரவுட்டர் 1, விளக்கு 1. மொத்தம் 16. பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம் என்றால் 160 ஆம்பியர்-அவர், அதாவது 10 மணி நேரம் எஞ்சின் சத்தமில்லாமல். லேப்டாப்தான் பெரிய தீனிக்காரன் என்பதைக் கவனியுங்கள். ஒன்றை மூடி வைத்தால் இன்னும் 2 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும்.

எஞ்சின் ஓடும்போது இந்தப் பேட்டரிக்கு ஏற்ற 30 ஆம்பியர் டி.சி-டி.சி சார்ஜர் வையுங்கள். பழைய முறையில் ஒரு ரிலே வைத்து இரண்டு பேட்டரியையும் இணைப்பது இப்போதைய வண்டிகள் பலவற்றில் எடுபடாது, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் ஃபியூஸ் செட்டைத்தான் காக்கும், நடுவில் தகரத்தில் உரசித் தோல் போன ஒயரைக் காக்காது.

ஊட்டிக்கென்று இரண்டு சங்கதி உண்டு. லித்தியம் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஜனவரி உறைபனியில் திறந்த ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. குளிரில் சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பேட்டரியைக் கூண்டுக்கு உள்ளே வையுங்கள். அடுத்தது ஜெனரேட்டர். ஊட்டி 2,240 மீட்டர், காற்று மெலிசு. மேட்டுப்பாளையத்தில் 2 கே.வி.ஏ தரும் பெட்ரோல் ஜெனரேட்டர் இங்கே ஏறக்குறைய கால் பங்கை இழந்து 1.5 அளவுக்குத்தான் தரும். கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும், பிளக் கறுத்துப்போகும். மலைக்கான சின்ன ஜெட் தனியாகக் கிடைத்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆண்டெனாவுக்கு வருவோம். வாட் ஏற்றுவதில் காசு போடாதீர்கள். நீங்கள் 50 வாட்டில் பேசுவது பள்ளத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அவர் 5 வாட்டில், அதுவும் ரப்பர் குச்சி ஆண்டெனாவில் சொல்லும் பதில் உங்களுக்குக் கேட்காது. வண்டியின் வேலை கேட்பது. நல்ல ஆண்டெனாவும் நல்ல கேபிளும் இரண்டு பக்கத்துக்கும் உதவும், வாட் ஒரு பக்கத்துக்குத்தான். மெலிசான ஆர்.ஜி-58 கேபிள் 10 மீட்டரில் சுமார் 2 டெசிபல் தின்னும். 25 வாட் போட்டால் மேலே சேருவது 16. தடித்த ஆர்.ஜி-213 போட்டால் இழப்பு அதில் பாதிதான். வாக்கிகளுக்கு நீளமான கால்-அலை (அலைநீளத்தில் கால் பங்கு) குச்சி வாங்கிக் கொடுங்கள். 160 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு முழ நீளம்தான்.

கூரையின் நடுவில் துளை போட்டு மாட்டுவதே சிறந்தது. பளபளக்கும் புது வண்டியில் ஓட்டை போட மனசு வராது, காந்த அடி வைத்த ஆண்டெனாவை ஒட்டுவார்கள். அது முதல் கிளையிலேயே சரிந்து கேபிளில் தொங்கும். கூரை ஃபைபரில் இருந்தால் கீழே ஒரு மீட்டர் அகலத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டெனாவுக்குக் காலூன்ற இடமில்லை.

ஆனால் இந்த மலையில் ஆண்டெனாவுக்கு உண்மையான எதிரி தண்ணீர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ பெய்தது. அவ்வளவு வேண்டியதில்லை, ஒரு வாரம் மூடுபனி போதும். பி.எல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுப்பதே இல்லை. உள்ளே இறங்கிய ஈரம் கேபிளின் செப்புப் பின்னல் வழியே திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மீட்டர் கணக்கில் ஊறும். தோலைச் சீவிப் பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டிய பின்னல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கேபிளை வெட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெளியே ஈரம் தாங்கும் என்-டைப் கனெக்டர் மட்டும். அதன்மேல் இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல. அதற்கும் மேல் சாதாரண கறுப்பு டேப். கேபிள் கூண்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு செட்டின் ஸ்கெல்ச்சை (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சாதனமாகப் போடுங்கள்: விளக்கு, இன்வெர்ட்டர், யு.எஸ்.பி சார்ஜர், லேப்டாப். எதைப் போட்டதும் இரைச்சலின் சுருதி மாறுகிறதோ அதுதான் திருடன். மலிவான எல்.இ.டி பட்டையும் இன்வெர்ட்டரும்தான் அநேகமாகச் சிக்கும். ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் சில சமயம் அடங்கும். அடங்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

எந்த மேட்டில் நின்றாலும் மறைகிற பள்ளங்கள் இருக்கும். அதற்குத்தான் ஹெச்.எஃப். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை (நடுவிலிருந்து இரு பக்கமும் ஒயர் நீட்டிய ஆண்டெனா) உயரமாகக் கட்டக்கூடாது, 4 மீட்டரில் படுக்கையாகக் கட்ட வேண்டும். அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல இறங்கும்; நடுவில் எத்தனை மலை இருந்தாலும் கவலையில்லை. பக்கத்துக்கு 10.3 மீட்டர் ஒயர் வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர் (ஆண்டெனா எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு) பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்பது இதற்கு நல்ல வசதி, நைலான் கயிறு போதும். பொழுது சாய்ந்தபின் 7 பெரும்பாலும் எடுபடாது; 3.6க்கு இறங்க வேண்டும், பக்கத்துக்கு 20 மீட்டர். அலைவரிசை அனுமதி மத்திய அரசின் டபிள்யூ.பி.சி.யிடமிருந்து, ஹாம் (அமெச்சூர்) அலைவரிசையென்றால் உரிமம் உள்ளவர்தான் மைக்கைப் பிடிக்கலாம்.

செல்போனை நம்ப வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு கம்பெனி சிம் போட்ட ரவுட்டர், கூரையில் அதற்கென ஆண்டெனா. கரண்ட் போனாலும் டவர் டீசல் தீரும்வரை ஓடும். சாட்டிலைட் போன் வேண்டுமென்றால் பி.எஸ்.என்.எல் வழியாகத்தான், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்ததைப் பயன்படுத்துவது குற்றம்.

உள்ளே இரண்டு ஆபரேட்டர், இரண்டு ஹெட்செட். ஸ்பீக்கரில் இரண்டு சேனலும் ஒன்றாக அலறினால் ஒன்றும் புரியாது. நீலகிரி அடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஏ வரிசை வரைபடம் சுவரில், மேலே பிளாஸ்டிக் தாள், எழுத கிரீஸ் பென்சில். பனியில் மார்க்கர் வழுக்கும்.

ஆண்டெனாவைத் தூக்கி நிறுத்தும் கம்பமான மாஸ்ட் போட்டால் 8 மீட்டர் போதும். தூக்குவதற்கு முன் ஒருவர் இறங்கி அண்ணாந்து பார்த்து மின்கம்பி இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். இடி கேட்டால் இறக்கிவிட்டு, கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். மாஸ்ட் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, மாஸ்ட் முழுக்க இறங்காதவரை டிரைவர் சாவி போட்டதும் பஸ்ஸர் அலறுமாறு ஒயரிங் செய்யுங்கள். 300 ரூபாய்க்குள் முடியும் வேலை.