டி8 என்று தொடங்கிய எண்

நியூயார்க்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் செப்டம்பர் பிறந்தாலே ஹைஸ்கூல் பேச்சுதான். நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிகள். பிடித்தவற்றை வரிசைப்படுத்தி, நகரக் கல்வித் துறையின் மைஸ்கூல்ஸ் என்ற இணையதளத்தில் டிசம்பர் தொடக்கத்துக்குள் ஏற்ற வேண்டும். என் மகன் விண்ணப்பித்த 2022இல் 12 இடங்கள் வரை போடலாம். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ் உள்ளிட்ட எட்டுப் பள்ளிகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதையும் எழுதினான், கிடைக்கவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

நான் சொல்ல வந்தது மற்ற பள்ளிகளைப் பற்றி. மைஸ்கூல்ஸ் தளத்துக்குள் முதலில் நுழைந்ததும் ஒரு நீண்ட எண் கண்ணில் பட்டது: 32 எழுத்துகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் தற்செயலாகக் கிடைக்கும் குலுக்கல் எண்; சிறிய எண்ணுக்கே முதலிடம். பூஜ்யத்தில் தொடங்கினால் யோகம், எஃப்பில் தொடங்கினால் கஷ்டம். எங்களுடையது டி8 என்று தொடங்கியது. என் மனைவி மென்பொருள்காரி. சாப்பாட்டு மேசையிலேயே கணக்குப் போட்டாள். முதல் இரண்டு எழுத்துகள் போதும். ஒன்பதுக்கு மேல் ஏ 10, பி 11 என்று போனால் டி என்றால் 13. பதினாறால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 216. இரண்டு எழுத்தில் மொத்தம் 256 வகை; 216ஐ அதனால் வகுத்தால் 84 சதவீதம். நகரத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பத்து நாலு பேர் இவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். மதிப்பெண் பார்க்கும் பள்ளிகளிலும் பல இடங்களில் ஒரே தரப்பிரிவுக்குள் வரிசையை முடிவு செய்வது இந்த எண்தான். ஏழாம் வகுப்பில் ராப்பகலாகப் படித்தவனிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னோம். “அப்ப எதுக்குப் படிச்சேன்?” என்றான். நியாயமான கேள்வி.

அடுத்த குழப்பம் வரிசை. ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “கிடைக்காததை முதல்ல போடாதீங்க சார், ஒரு இடம் வேஸ்ட்டாகிடும்” என்பதுதான் அதிகம் கேட்டது. பழைய முறையில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. அப்போது ஐந்து பள்ளிகள்தான் எழுத முடியும், நாம் எத்தனையாவதாகப் போட்டோம் என்பதும் பள்ளிக்குத் தெரியும். கேட்ட ஒன்றும் கிடைக்காமல் எங்கோ ஒதுக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல். ஆல்வின் ராத் முதலிய பொருளாதார அறிஞர்கள் வகுத்த புது முறை 2003-04 சேர்க்கையில் வந்தது; ராத்துக்கு 2012இல் நோபலும் வந்தது. இதில் நம் வரிசை பள்ளிக்குத் தெரியாது. முதல் பள்ளி மறுத்தால், இரண்டாவதையே முதலாவதாகக் கேட்டது போலத்தான் கணக்கு. எனவே உண்மையாகப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். டி8ஐ நினைத்து, எங்கள் பகுதிக்கு முன்னுரிமை தரும் பள்ளியைக் கடைசியில் வைத்துக்கொண்டோம்.

மார்ச்சில் முடிவு வந்தது. நான்காவதாகப் போட்டது கிடைத்தது. மேலே இருந்த மூன்றுக்கும் காத்திருப்புப் பட்டியலில் தானாகவே பெயர் ஏறியிருந்தது, ஒன்றும் அசையவில்லை. கிடைத்த பள்ளியில் ரோபாட்டிக்ஸ் குழு இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்தான். பஸ் பிடித்து குவீன்ஸில் இருக்கும் ஜமைக்கா பகுதிக்குப் போய் எஃப் ரயில் மாற வேண்டும். 2023 செப்டம்பரில் பள்ளியே மெட்ரோகார்டு என்ற இலவசப் பயண அட்டை கொடுத்தது, அப்போது நாளுக்கு மூன்று பயணம். ரோபாட்டிக்ஸ் முடிந்து நண்பன் வீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பும் நாளில் நாலாவது பயணத்துக்கு அந்த வருஷம் எங்கள் கைக்காசுதான் போனது.