அண்ணன் வெளிய வந்துச்சு, பேப்பர் எரிஞ்சு போச்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். அண்ணன்கிட்டயே கேட்டேன், "எழுதிக்கடா, என் பேரு மட்டும் போடாத"ன்னு சொல்லிருச்சு.

2023 செப்டம்பர்ல அண்ணன் மதுரை சென்ட்ரல் ஜெயில்ல இருந்து ரிலீஸ் ஆச்சு. அடிதடி கேஸு, 7 வருஷம் தண்டனை, தண்டனையில குறைக்கிற கழிவு நாளெல்லாம் போக 6 வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா உள்ள இருந்துச்சு. தப்பு அண்ணன் மேலதான், அத நாங்க யாரும் மறைக்கல. அரசரடி புது ஜெயில் ரோட்டுல காலைல இருந்து நின்னு கூட்டிட்டு, சோழவந்தான் வந்து எறங்குனா அம்மா வீட்டுக்கே விடல, நேரா வைகைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. ஆத்துல கணுக்கால் அளவுதான் தண்ணி, சொம்புல மோந்து மோந்து தலைல ஊத்தி, வேட்டி மாத்த வச்சு, போட்டுட்டு வந்த சட்டை, கைலி, மஞ்சப்பை எல்லாத்தையும் கரையிலயே குவிச்சு மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திருச்சு. பீடை ஒழியட்டும்னு. அண்ணனும் ஒண்ணும் சொல்லல, எரியிறதையே பாத்துட்டு நின்னுச்சு.

அந்தச் சட்டை பாக்கெட்டுலதான் விடுதலை சர்டிபிகேட் இருந்துச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் எங்களுக்கே உறைச்சது.

முதல் மாசம் எந்த ஆபீஸுக்கும் போகல, அண்ணன் வாசல்படி தாண்டல. சாயங்காலம் 5 மணி ஆச்சுன்னா தட்டைக் கழுவிட்டு வந்து அடுப்படியில உக்காந்துரும். உள்ள 6 மணிக்கு அடைப்பு, அதுக்கு முன்னாடியே ராச்சோறு குடுத்துருவாங்களாம், 6 வருஷப் பழக்கம். அம்மா உலை வைக்கிறதே ஏழரைக்குத்தான். சொல்லவும் முடியாம கேக்கவும் முடியாம ஒரு வாரம் அப்படியே போச்சு, அப்புறம் அம்மாவே நாலரைக்கு உலை வைக்க ஆரம்பிச்சிருச்சு.

சரி, வேலைக்குப் போகணும்ல. ரேஷன் கார்டுல பேரு இல்ல, பேங்க் அக்கவுண்ட் ரெண்டு வருஷத்துக்கு மேல வரவு செலவு இல்லாததால முடங்கிக் கெடக்கு, அதத் தொறக்க ஆதார் கேக்குறான், ஆதாருக்கு ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. அந்த நம்பர் நம்மகிட்ட இல்ல, ரொம்ப நாள் யூஸ் பண்ணாத சிம்ம கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான்ல. ஒரு நாள் சும்மா அந்த நம்பருக்குப் போட்டுப் பாத்தேன், ஈரோட்டுல ஒரு அக்கா எடுத்தாங்க, "ஓ நீங்கதானா அது, ரெண்டு நாளா எனக்கு ஓடிபியா வந்து குமியுது, எவனோ ஃப்ராடுன்னு நெனச்சு அழிச்சிட்டே இருக்கேன்"னாங்க. அண்ணன் வீட்டுக்கு வந்ததுல இருந்து சிரிச்சது அன்னைக்குத்தான்.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், எங்களுக்குத்தான் தெரியல. ஆதார் சென்டர்ல கைரேகை வச்சு புது நம்பர மாத்திக்கலாம், வேற ஒரு பேப்பரும் வேணாம், எங்களுக்கு 50 ரூபா ஆச்சு. அது முடிஞ்சதும் பேங்க், அப்புறம் ரேஷன் கார்டுல பேரு சேக்குறது, எல்லாம் ஒண்ணொண்ணா நகந்துச்சு. உள்ள இருக்கும்போதே ஆதார் எடுக்கவும் வழி இருக்கு, ஜெயில்ல குடுக்குற பதிவுச் சான்றையே ஆவணமா ஏத்துக்கலாம்னு 2022லயே ஆதார் ஆணையம் சொல்லிருச்சு. உங்க ஆளு யாராச்சும் இப்ப உள்ள இருந்தா மனு பாக்க (ஜெயில்ல ஆளப் பாத்துப் பேச) போறப்பவே இதக் கேட்டு வச்சிருங்க.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கேட்டிருந்தோம் (பரோல்னு நாமதான் சொல்றோம், ஜெயில்ல லீவுதான்). அப்ப ஒரு சார் வீட்டுக்கு விசாரிக்க வந்தாரு. தெருவே ஜன்னலத் தொறந்து வச்சு வேடிக்கை பாத்துச்சு, அம்மா போலீஸுன்னு நெனச்சு கை நடுங்க நடுங்க மோர் குடுத்துச்சு. அவரு போலீஸ் இல்ல, நன்னடத்தை அலுவலர், இங்கிலீஷ்ல ப்ரொபேஷன் ஆபீஸர். லீவு ரிப்போர்ட் எழுதுறவருன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். வெளிய வர்ற ஆளுகளுக்குத் தொழில் தொடங்க உதவித் தொகைக்குச் சிபாரிசு பண்றதும் அதே ஆபீஸ்தான், விடுதலையான சிறைவாசிகளுக்குன்னு ஒரு உதவிச் சங்கம் இருக்கு, அதுக்கு மனு போறதும் அவங்க வழியாத்தான். இத யாரு எனக்குச் சொன்னான்னு நெனைக்கிறீங்க? ஜெயில்ல அண்ணனுக்கு அடுத்த பாய்ல படுத்திருந்த ஒரு தாத்தா. இத்தனைக்கும் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போன ஆபீஸு!

போய்ப் பாத்தோம். முதல் கேள்வியே "விடுதலை சர்டிபிகேட் எங்க?"

அண்ணன் என் மூஞ்சியப் பாக்குது, நான் தரையப் பாக்குறேன். அப்புறம் ஜெயில் சூப்பிரண்டுக்கு மனு எழுதி நகல் வாங்க வேண்டியதாப் போச்சு. அண்ணன் அந்த வாசலுக்கு வரவே மாட்டேன்னுருச்சு, எதிர்ல டீக்கடையில நிக்குது, நான் மட்டும் உள்ள போறேன், திரும்பி வந்து கையெழுத்து வாங்குறேன், மறுபடி போறேன். இப்படியே மூணு தடவை. டீக்கடையில ஜிபே ஸ்பீக்கர் "பத்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துறப்பல்லாம் அண்ணன் திடுக்குன்னு திரும்பிப் பாக்கும். கடைசித் தடவை அண்ணன் அந்தச் சத்தத்தக் கண்டுக்கவே இல்ல.

எல்லாம் சேத்து அஞ்சு மாசம் ஆச்சு, தொகையும் பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பெரிய வாணலி, பர்னர் அடுப்பு, முதல் மாசத்துக்குக் கடலமாவு, எண்ணெய், அவ்வளவுதான். ஆனா அண்ணன் உள்ள மிக்சரும் காராச்சேவும் போடக் கத்துட்டு வந்திருந்துச்சு, அதனால சரியாப் போச்சு. அதுக்கு முன்னாடி மதுரையில ரெண்டு கம்பெனிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போய், போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டதும் சத்தமில்லாமத் திரும்பி வந்தோம். பலகாரக் கடைக்கு அதக் கேக்க ஆள் இல்ல. சின்ன யாவாரத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு மட்டும் போதும்னாங்க, அப்ப வருஷத்துக்கு 100 ரூபா.

இன்னொண்ணு எனக்கு வயித்தெரிச்சல். கோர்ட்டு போட்ட அபராதத்துக்கு அம்மாவோட காதுத் தோட்ட அடகு வச்சோம். அபராதம் கட்ட வழியில்லாத தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபா வரைக்கும், ஜாமீன் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிகளுக்கு 40,000 வரைக்கும் (திட்டம் ஆரம்பிச்சப்ப இருந்த அளவு இது) அரசே கட்டுற மத்திய அரசுத் திட்டம் 2023லதான் வந்துச்சு. நாங்க கட்டி முடிச்சப்புறம் ஒரு வக்கீல் பேச்சு வாக்குல சொல்றாரு. எல்லா கேஸுக்கும் கிடையாது, போதைப் பொருள் கேஸுக்கெல்லாம் இல்ல. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, கோர்ட்டு வளாகத்துலயே இருக்கு, காசு கேக்க மாட்டாங்க, 15100க்குப் போன் பண்ணாலும் போதும்.

தூக்கம் வராம அண்ணன் ராத்திரி முழுக்க திண்ணையில நடக்கும், பெரியாஸ்பத்திரி மனநல ஓபிக்குக் கூட்டிட்டுப் போனேன், மாத்திரை குடுத்தாங்க, இப்போ பரவால்ல. அவ்வளவு தூரம் வர மாட்டேன்னா 14416க்குப் பேச வைக்கலாம், டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

அண்ணனுக்கு வீடு இருந்துச்சு, அம்மா இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இல்ல. இந்திய ஜெயில்கள்ல இருக்குறவங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 76 பேர் விசாரணைக் கைதிகதான், 2022 கணக்கு. ஜாமீன் ஆர்டர் சாயங்காலம் வந்து, இருட்டுன பெறகு வெளிய வந்து, போக எடமில்லாம பஸ் ஸ்டாண்டுல படுக்குறவன் இருக்கான். நன்னடத்தை ஆபீஸ் உதவி தண்டனை முடிச்சவங்களத்தான் நெனச்சுப் போட்டது மாதிரி இருக்கு, இவனுக்கு வீடில்லாதவங்களுக்கான மாநகராட்சி காப்பகம்தான் கதி, அதுவும் யாராச்சும் வழி சொன்னாத்தான். சர்ச்சுல இருந்து சிறைப்பணிக்கு வர்ற சிஸ்டர்ஸ் சில பேரு இந்த மாதிரி ஆளுகளுக்கு பஸ் காசு குடுத்து ஏத்தி விடுவாங்கன்னு அண்ணன் சொல்லும்.

ஓட்டும் போச்சுன்னு ஊருல சொன்னாங்க. போகல, உள்ள இருக்குற வரைக்கும்தான் போட முடியாது. 2024 ஏப்ரல்ல அம்மாவும் அண்ணனும் சேந்து போயிப் போட்டுட்டு வந்தாங்க.

மோர் குடிச்ச சாருக்கு முதல் போணி மிக்சர் கால் கிலோ கொண்டு போனோம், காசு குடுத்துத்தான் வாங்குவேன்னுட்டாரு. இப்பக் கடை சாயங்காலம் நாலுல இருந்து எட்டரை வரைக்கும். அஞ்சு மணிக்குத்தான் கூட்டம் அள்ளும், அண்ணனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அம்மா மறுபடியும் ஏழரைக்குத்தான் உலை வைக்குது.