கணக்கு கெடுவது மரத்தடியில்

தேக்குத் தோட்டத்தில் உயிர்த்திரள், அதாவது மரங்களின் உலர் எடை, கணக்கெடுக்கப் புதிதாக வருகிறவர்கள், அளவுகளை எடையாக மாற்ற எந்தச் சமன்பாட்டைப் போடலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். சமன்பாடு அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. டேப்பை எங்கே, எப்படிச் சுற்றினார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் அளப்பது வழக்கம். இந்தியாவில் மார்பு உயரம் என்றால் தரையிலிருந்து 1.37 மீட்டர், பல நாடுகளில் 1.30. அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஆள் மாறாது. தேக்கு மரத்தடியில் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். அதை விலக்கி மண்ணில் ஊன்ற வேண்டும். சரிவென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். 1.37-க்குக் கீழே கவை பிரிந்தால் இரண்டு மரம், மேலே பிரிந்தால் ஒன்று.

டேப்புக்கு அடியில் கொடி சிக்கினாலும், பின்பக்கம் டேப் இறங்கிச் சாய்ந்தாலும் சுற்றளவு கூடத்தான் செய்யும். தேக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. அடிமரம் பல இடங்களில் புடைப்பும் பள்ளமுமாக இருக்கும். டேப் புடைப்புகளைத் தொட்டுக்கொண்டு போய்விட, பள்ளத்தின் வெற்றிடமும் மரமாகக் கணக்கில் ஏறிவிடும். பள்ளம் 1.37-ஐத் தாண்டியிருந்தால், அது முடியும் இடத்துக்கு மேல் அளந்து, அந்த உயரத்தைப் படிவத்தில் எழுதிவிடுவது நல்லது. இவையெல்லாம் ஒரே பக்கம் தள்ளும் பிழைகள். ஆயிரம் மரம் அளந்தாலும் சராசரியில் கரையாது.

94.2 செ.மீ. சுற்றளவு, அதாவது 30 செ.மீ. விட்டம், 20 மீட்டர் உயரமுள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். ஷாவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014-ல் வெளியிட்ட வெப்பமண்டலச் சமன்பாட்டில் மர அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்க வேண்டும். அடர்த்தி கன செ.மீ.-க்கு 0.55 கிராம் என்றால் தரைக்கு மேல் 534 கிலோ. டேப் 3 செ.மீ. கூடுதலாகக் காட்டினால் 568. உயரம் 2 மீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 10 சதம் மாறும். இலை உதிர்ந்த மாதங்களில் உயரம் பார்ப்பது இதற்காகத்தான். தழை அடர்ந்திருக்கும்போது பக்கத்துக் கிளையின் விளிம்பையே நுனி என்று கிளைனோமீட்டரில் (கோணம் பார்த்து உயரம் கணிக்கும் கருவி) பிடித்துவிடுவோம்.

இவற்றைவிட மோசமானது அடர்த்தி. மர வியாபாரக் கையேடுகளில் தேக்குக்கு 0.65 என்று இருக்கும். அது 12 சத ஈரப்பதத்தில் எடுத்த அளவு. சமன்பாடு கேட்பதோ, அடுப்பில் உலர்த்திய எடையைப் பச்சை மரத்தின் கனஅளவால் வகுத்த எண். 0.65-ஐப் போட்டால் அதே மரம் 629 கிலோ ஆகிவிடும். வெயிலில் ஒரு வாரம் அளந்த உழைப்பை மேசையில் ஒரே எண் விழுங்கிவிடுகிறது.

மரங்களை அளக்க ஒதுக்கும் மாதிரிப் பரப்பிலும் பிழை வரும். 0.1 ஹெக்டேர் சதுரத்தின் பக்கம் 31.62 மீட்டர், அதுவும் கிடைமட்டத்தில். 20 பாகைச் சரிவில் டேப்பை 33.65 மீட்டர் விட வேண்டும். விடாவிட்டால் ஹெக்டேர் கணக்கு 6 சதம் குறைந்து வரும்.

தோட்டத்துக்கே உரிய சிக்கல் கலைப்பு, அதாவது நெருக்கத்தைக் குறைக்க இடையில் சில மரங்களை வெட்டி எடுப்பது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் ஹெக்டேருக்கு 2500 கன்று. முதல் கலைப்பிலேயே ஏறக்குறைய பாதி போகும். நிற்பவை வெளிச்சம் கிடைத்துக் கிளை பரப்பும். அதே சுற்றளவுள்ள நெருக்கத் தோட்டத்து மரத்தைவிட இதற்குக் கிளை எடை கூடுதல். இயற்கைக் காட்டு மரங்களிலிருந்து பிறந்த பொதுச் சமன்பாட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனவே கலைப்பின்போது விழும் மரங்களை எடை போட்டுச் சரிபார்த்துவிட வேண்டும். வேறு எப்போதும் அவ்வளவு சுலபமாக வெட்டு மரம் கிடைக்காது. ஆனால் விழுபவை பெரும்பாலும் நலிந்தவை, ஆகவே ஒவ்வொரு சுற்றளவு வகுப்பிலிருந்தும் சில மரங்களாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டு, கிளை, இலை மூன்றையும் தனித்தனியே, வெட்டிய இடத்திலேயே நிறுக்க வேண்டும். உலர்த்திப் பார்க்க அறுத்தெடுத்த மாதிரி வட்டுகளின் பச்சை எடையையும் அங்கேயே பார்த்துவிட்டுப் பாலித்தீன் பையில் கட்ட வேண்டும். ஆய்வகத்துக்குப் போய் நிறுத்தால், வழியில் ஈரம் போயிருக்கும். உலர் விகிதம் கூடி, மரம் முழுக்கக் கனத்துவிடும். உலர்த்தும் அடுப்பில் மரத்துண்டுக்கு 105 பாகை செல்சியஸ், இலைக்கு 70. எடை இறங்குவது நிற்கும்வரை.

மறு அளவைக்கு வருபவர்களுக்காக 1.37-ல் பெயின்ட் வளையம் போட்டு, எண் எழுதிவிடுங்கள். இடையில் கலைத்த மரங்களை எண்வாரியாகத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கணக்கெடுப்பில் அவை செத்த மரங்களோடு கலந்து, கூப்பிலிருந்து (மரம் வெட்டும் பகுதி) டிப்போவுக்குப் (மரக் கிடங்கு) போன மரம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.